கொடுப்பவர் முகமா, பெறுபவர் முகமா?

ஆண்டவரின் மலைப்பொழிவை வரிசையாகத் தியானிப்போர் ஓரிடத்தில் தயங்கி நிற்பது இயல்பு. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மக்கள் கண்டு விண்ணகத் தந்தையைப் புகழும்படி சீடருடைய நற்செயல்கள் வெளிப்பட வேண்டும் என விரும்புகிறார் இயேசு. ஏடு புரள்வதற்குள், ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறர் பார்வைக்காக அறம் செய்வோரைக் கடிந்துகொள்கிறார். ஒரு கையின் ஈகையை மறு கைக்கும் மறைக்கச் சொல்கிறார். போதகர் ஒருவரே, மலையும் ஒன்றே. அப்படியானால் நாம் செய்யும் உதவி பிறர் கண்ணில் படலாமா, படக்கூடாதா?

புனித அகுஸ்தினார் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கத்தில் இதே சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய்கிறார். அவர் காணும் விடை எளியது. நற்செயல் காணப்படுவது குற்றமன்று. காணப்படுவதையே இலக்காக்கி அங்கேயே நின்றுவிடுவதுதான் குற்றம். காண்பவரின் புகழ்ச்சி செய்தவரைத் தாண்டி இறைவனிடம் சென்றால் அது ஒளி. செய்தவரிடமே அது தங்கிவிட்டால், அவர் தமக்குரிய கூலியை அங்கேயே வாங்கிக்கொண்டார்.

இந்த விளக்கம் திருச்சபைக்குப் பல நூற்றாண்டுகளாக வழிகாட்டி வந்துள்ளது. ஆயினும் கைப்பேசியும் சமூக ஊடகமும் வந்தபின் அப்பழைய வினா புதிய வலுவோடு நம்முன் நிற்கிறது. இன்று ஒருவர் தம் உதவியைப் படமெடுத்து வெளியிட்டால், அதைக் காண்போரில் பலர் தாமும் உதவ முன்வருகின்றனர். மறைவில் செய்தால் ஒருவருக்கு உதவலாம். காட்டிச் செய்தால் பல்லாயிரம் பேருக்கு உதவி திரட்டலாம். அவ்வாறிருக்க, மறைவை வற்புறுத்துவது ஏழைக்கும் நோயாளிக்கும் இழப்பாகாதா? நம் இளையோர் கேட்கும் இக்கேள்வியை முகம் சுளித்து ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. நடந்த ஒன்றை முன்வைத்தே இதை எண்ணிப் பார்ப்போம்.

ஒரு வாளிப் பனிநீர்

2014ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவில் ‘ஐஸ் பக்கெட் சவால்’ என்றொரு விளையாட்டு பரவியது. பனிக்கட்டி மிதக்கும் ஒரு வாளி நீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, அதைப் படம்பிடித்து வெளியிட்டு, வேறு மூவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் நீரைக் கொட்டிக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஏ.எல்.எஸ். என்னும் நோய்க்கான நிதிக்கு 100 டாலர் தர வேண்டும். சற்று எண்ணிப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. விதியின்படி, நீரைக் கொட்டிக்கொண்டவர் கொடுப்பதிலிருந்து தப்பித்தவர்! ஆனால் மனித மனம் விதியை மீறிப் பெருந்தன்மை காட்டியது. மிகப் பலர் நீரையும் கொட்டிக்கொண்டு பணத்தையும் கொடுத்தனர்.

ஏ.எல்.எஸ். நரம்பைத் தாக்கும் கொடிய நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கை கால் முடங்கும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும், இறுதியில் மூச்சே நிற்கும். இத்தனைக்கும் நடுவே பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும் என்பது இந்நோயின் தனிக் கொடுமை. 1939இல் பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 1941இல் அவர் இறந்தார். அதன்பின் முக்கால் நூற்றாண்டு நெருங்கியும், பொதுமக்களில் பலருக்கு இந்நோயின் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது.

அந்தக் கோடையில் அந்நிலை மாறியது. முகநூலில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பேர் இக்காணொலிகளை வெளியிட்டனர். ஏ.எல்.எஸ். சங்கத்துக்குச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் வந்து சேர்ந்தது. முந்தைய ஆண்டு ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை அதற்கு வந்தது 30 லட்சம் டாலருக்கும் குறைவே.

விளைந்த நன்மை

இதை வெறும் கூத்து என்று இகழ்ந்தோர் அப்போதே இருந்தனர். பின்னர் நடந்தது அவர்களது கூற்றை முழுமையாக மெய்ப்பிக்கவில்லை. வந்த தொகையில் 7.7 கோடி டாலரை ஆராய்ச்சிக்கும், 2.3 கோடி டாலரை நோயாளிகளின் பராமரிப்புக்கும் சங்கம் ஒதுக்கியது. 2016இல், பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி நடத்திய ஆய்வொன்று, இந்நோயோடு தொடர்புடைய ‘நெக்-1’ என்னும் மரபணுவை அடையாளம் கண்டது. அம்முயற்சிக்கு இந்தச் சவாலில் திரண்ட பணமும் உதவியது. 2022இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்த ஒரு மருந்தின் ஆய்வுக்கும் இந்நிதியிலிருந்து 22 லட்சம் டாலர் சென்றிருந்தது. அம்மருந்து பின்னர் நடந்த பெரிய சோதனையில் பயன் தராததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவ ஆய்வின் வழி அத்தகையது. பத்து வாயில்களைத் தட்டினால் ஒன்று திறக்கும். தட்டுவதற்கும் பணம் வேண்டும்.

எனவே, வேடிக்கை நிகழ்ச்சிகளால் உண்மையான உதவி விளையுமா என்று கேட்டால், விளையும் என்பதே நேர்மையான விடை. கலப்பற்ற நோக்கோடு கொடுக்கப்பட்ட பணம் மட்டுமே மருந்து வாங்கும் என்பதில்லை. புகழுக்காகக் கொடுத்த ரூபாயும் பசித்தவனுக்குச் சோறாகும். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் அறச்செயலைப் பற்றி ஆராயும்போது இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். ஈகையின் புறச்செயல் அன்பு இல்லாமலும் நிகழலாம். ஆனால் இறைவனை முன்னிட்டு, மனமுவந்து கொடுக்கும் ஈகையின் உயிர் அன்பின்றி அமையாது. முன்னதால் பெறுபவர் பயனடைவார்; பின்னதால் கொடுப்பவரும் மீட்படைவார். தமக்குள்ளதை எல்லாம் வாரிக் கொடுத்தும் அன்பில்லையேல் தமக்கு ஒரு பயனும் இல்லை எனத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, ஏழைக்குப் பயனில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திரண்ட கவனம் எங்கே செல்கிறது?

இத்துடன் கேள்வி முடிந்துவிடவில்லை. மக்களின் கவனம் ஒரு வெள்ளம் போன்றது. ஏரியும் மடையும் ஆயத்தமாக இருந்தால் வெள்ளம் பாசனமாகும். இல்லையேல் கடலுக்குப் போய்விடும். ஏ.எல்.எஸ். நோய்க்கு முன்னரே ஒரு சங்கம் இருந்தது, ஆய்வாளர் இருந்தனர், கணக்குக் காட்டும் ஒழுங்கு இருந்தது. எனவே நீர் வயலுக்குப் பாய்ந்தது.

வேறுவிதமாக நடந்ததும் உண்டு. 2012 மார்ச்சில், குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த உகாண்டாக் கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனியைப் பற்றிய அரைமணி நேரப் படமொன்று இணையத்தில் வெளியானது. ஆறே நாள்களில் அது 10 கோடி முறை பார்க்கப்பட்டது. ஏப்ரல் 20 இரவில் நகரெங்கும் சுவரொட்டி ஒட்ட இளைஞர்கள் திரள வேண்டும் என அழைப்பு விடுக்கப்பட்டது. அந்த இரவு வந்தபோது பல நகரங்களில் வந்தவர் மிகச் சிலரே. அதன்பின் பத்தாண்டு கடந்தும் கோனி பிடிபடவில்லை. பார்த்தவர் கண்ணீர் பொய்யன்று. ஆனால் கண்ணீருக்குப்பின் செய்யத்தக்க வேலையும், அதை ஏற்று நடத்தும் ஏற்பாடும் போதிய அளவில் இல்லை.

பரபரப்பின் நடுவே கேட்க மறக்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. நம் பணம் எதற்குச் செலவாகிறது? 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி உயர்மறைமாவட்டம் அதைக் கேட்டது. ஏ.எல்.எஸ். சங்கம் மனிதக் கருமுளையிலிருந்து பெறப்படும் ஸ்டெம் செல்களைக் கொண்டு நடக்கும் ஆய்வொன்றுக்கும் துணைநின்றதால், கத்தோலிக்கப் பள்ளிகளில் திரளும் பணத்தை அங்கே அனுப்ப வேண்டாம் என்றும், அயோவாவில் உள்ள இரண்டாம் ஜான் பால் மருத்துவ ஆய்வு நிறுவனம் போன்ற வேறிடத்துக்கு அனுப்பலாம் என்றும் பள்ளித் தலைவர்களைக் கேட்டுக்கொண்டது. நீரைக் கொட்டிக்கொள்வதை அது தடுக்கவில்லை. உதவும் ஆர்வத்தை அணைக்காமல் அதற்கு ஒரு கண்ணைக் கொடுத்த செயல் இது. அன்பு விரையலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விரையக்கூடாது.

வேடிக்கையாக்கத் தக்க துயரங்களே கவனத்தை ஈர்க்கின்றன என்பதும் நம்மை உறுத்த வேண்டும். முதிர்ந்து நினைவிழந்த தாயை, மனநலம் குன்றிய மகனை, கடன்பட்ட குடும்பத்தை எந்த வாளி நீரால் விளையாட்டாக்குவது? 2025இல் தென் கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர்கள் அதே பனிநீர் வாளியை மனநலப் பணிக்காக எடுத்தபோது, 500 டாலர் திரட்டவே எண்ணித் தொடங்கினர்; சில லட்சம் டாலர் திரண்டது. நல்லதுதான். ஆனால் எந்த நோய்க்கும் பொருந்தும் அந்த வாளி, எந்த நோயைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. கொட்டிக்கொண்டவரிடம் அது எதற்காக என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வர்?

யாருடைய முகம்?

இனி, நம் சிந்தனையின் மையத்துக்கு வருவோம். இந்தச் சவாலைப் பரப்பியவர்களில் முதன்மையான இருவர் நோயாளிகளே. ஒருவர் பீட் ஃபிரேட்ஸ்; இயேசு சபையினர் நடத்தும் பாஸ்டன் கல்லூரியில் பேஸ்பால் அணித் தலைவராக விளங்கியவர்; 27ஆம் வயதில், 2012இல், இந்நோய் தம்மைப் பற்றியதை அறிந்தார். மற்றவர் நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸ் நகரைச் சேர்ந்த பேட் குவின். ஃபிரேட்ஸ் 2019 டிசம்பரில் 34ஆம் வயதிலும், குவின் 2020 நவம்பரில் 37ஆம் வயதிலும் இறந்தனர். அவர்கள் திரட்டிய பணம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அது காப்பாற்றாது என்பதை அறிந்தேதான் அவர்கள் உழைத்தனர். தங்களுக்குப்பின் வருவோருக்காக ஓடிய ஓட்டம் அது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிப்போம். அந்தக் காணொலிகளில் நனைந்தவர் யார்? நடுங்கி அலறி, அலங்காரம் கலைந்து, பார்ப்போர் சிரிக்க நின்றவர் யார்? கொடுப்பவரே. செல்வந்தரும் நடிகரும் அரசியல்வாதியும் தம்மைச் சற்றே கோமாளியாக்கிக்கொண்டனர். நோயாளியின் மானம் தொடப்படவில்லை; அவர் தம் பெயரால் தாமே பேசினார்.

அதே காலத்தில் ஹைதராபாத்தில் ஓர் இதழாளர், நீரை வீணாக்குவதற்கு மாறாக, ஒரு வாளி அரிசியைத் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுத்துப் படத்தைப் பகிருமாறு அழைத்தார். நீரைவிட அரிசி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பசித்தவர் அப்படத்துக்குள் வந்து நிற்கும்போது, நிலைமை நுட்பமாக மாறுகிறது. அவர் எதற்காக அங்கே நிற்கிறார்? அரிசிக்காக மட்டும் என்றால், படம் அவர் செலுத்தும் விலையாகிவிடுகிறது.

2022இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்ததை நினைவுகூர்வோம். ஒரு வணிக வளாகத்தில் தனியே அமர்ந்திருந்த வயதான பெண் ஒருவரிடம், ஓர் இளைஞர் பூங்கொத்தைப் பிடித்திருக்கக் கேட்டு, அதை அவரிடமே விட்டுச் சென்றார். மறைவிலிருந்து எடுத்த அந்தக் காணொலி கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. தனிமையில் வாடிய மூதாட்டி மகிழ்ந்து கண்கலங்கினார் என உலகம் உருகியது. பிறகு அந்தப் பெண் வானொலியில் பேசினார். தம்மை யாரும் அனுமதி கேட்கவில்லை என்றார். தம்மை மனிதராகவே மதிக்காததுபோல் உணர்ந்ததாகச் சொன்னார். அவருக்குத் தேவைப்படாத பூவைக் கொடுத்து, அவர் கொடுக்க விரும்பாத முகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதைவிடக் கடினமான நிகழ்வு ஒன்று உண்டு. ‘மிஸ்டர் பீஸ்ட்’ என்னும் பெயரில் காணொலிகள் வெளியிடும் அமெரிக்கர் ஜிம்மி டொனால்ட்சன், 2023 ஜனவரியில் 1,000 பேரின் கண்புரை அறுவைக்குப் பணம் கொடுத்து, கட்டு அவிழ்ந்து அவர்கள் பார்வை பெறும் கணத்தைப் படமாக்கி வெளியிட்டார். பார்வை பெற்றவர் மகிழ்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் ஏழையின் வாழ்வில் அத்தனை அந்தரங்கமான கணம் காட்சிப்பொருளாக வேண்டுமா? நம் மண்ணிலேயே இதற்கு மறுமொழி உண்டு. 1976இல் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே செலுத்த இயலாதோருக்கும் அறுவை செய்யும் முறையை வளர்த்தது. அங்கே பார்வை பெற்ற ஏழை தம் கண்ணீரை யாருக்கும் காட்சியாக்க வேண்டியதில்லை.

ஆகவே நாம் வந்தடையும் அளவுகோல் இது. செயல் காணப்பட்டதா என்பது முதற் கேள்வியன்று. அந்தக் காட்சிக்கான விலையை யார் செலுத்தினார் என்பதே முதற் கேள்வி. கொடுப்பவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு செலுத்தினால், அது மன்னிக்கத்தக்க வேடிக்கை. சில வேளை நல்ல தொண்டும்கூட. பெறுபவர் தம் முகத்தையும் நாணத்தையும் செலுத்த நேர்ந்தால், கொடுத்த தொகை எவ்வளவாயினும் அது அறம் அன்று. அது ஒரு கொள்முதல்.

நம் ஆலயங்களின் குழல்விளக்குகள்

இதை வாசிக்கும் மூத்தோர், இளையோரின் கைப்பேசியை மட்டும் குறைகூறிவிட வேண்டாம். நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கைகளையும் இருக்கைகளின் முதுகையும் நிமிர்ந்து பார்ப்போம். குழல்விளக்கில் உபயதாரர் பெயரை எழுதியெழுதி, விளக்கு தரும் ஒளியில் பாதியைப் பெயரே மறைத்துவிடுகிறது. கைப்பேசி வருமுன்பே நம்மிடம் கல்வெட்டு இருந்தது.

வள்ளுவர் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும், புகழை 24ஆம் அதிகாரத்திலும் அடுத்தடுத்து வைத்தார். ஈகைக்குப் பின்னே புகழ் வருவது இயல்பு என்பதை அவர் அறிந்திருந்தார், அதை வெறுக்கவுமில்லை. ஆனால் இல்லறவியல் புகழோடு நிறைவடைந்து, துறவறவியல் அருளுடைமையோடு தொடங்குகிறது. புகழின் எல்லையைக் கடந்த பிறகே அருள் தொடங்குகிறது என்று நாம் அதை வாசித்துக்கொள்ளலாம்.

நம் பங்குகளில் அந்த எல்லையைக் கடக்கப் பழக்கும் ஓர் அமைப்பு உண்டு. 1833இல் பாரிசில் மாணவராக இருந்த பிரெடரிக் ஓசானாம் தம் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை அது. 1997இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். அச்சபையின் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உறுப்பினர் இருவர் இருவராக ஏழையின் வீட்டுக்குச் செல்வர். அடுத்த வாரமும் செல்வர். அந்த வீட்டின் நிலை வெளியே பேசப்படுவதில்லை. எந்தக் காணொலியும் அதைக் காட்டியதில்லை. இரண்டு நூற்றாண்டுகளை நெருங்கியும் அது நின்றுபோகவில்லை.

திரும்பி வருவது யார்?

நல்ல சமாரியன் உவமையில் நாம் விரைந்து கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. அவன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். பணம் உண்டு, அதைப் பொறுப்போடு செலவிடச் சாவடி உண்டு, திரும்பி வரும் உறுதியும் உண்டு. சமூக ஊடக வேடிக்கை முதலாவதைத் தரக்கூடும். நல்ல அமைப்புகள் இரண்டாவதைத் தருகின்றன. மூன்றாவதைத் தர எந்தக் காணொலியாலும் முடியாது. அதை ஓர் ஆள் நேரில் வந்துதான் தர வேண்டும்.

எனவே நம் இளையோர்க்குச் சொல்வோம்: உங்கள் ஆர்வத்தை அணைக்க வேண்டாம். நல்ல நோக்கத்துக்காக நீங்கள் நனையுங்கள்; ஓடுங்கள்; சிரிக்க வையுங்கள். ஆனால் பணம் சேரும் இடத்தையும் அது செலவாகும் வழியையும் முதலில் விசாரியுங்கள். பெறுபவர் முகத்தை உங்கள் புகழுக்குப் படியாக்காதீர்கள். அவர் தாமே பேச விரும்பினால் மட்டும் பேச விடுங்கள். கைதட்டல் ஓய்ந்தபின், மாதந்தோறும் ஒரு சிறு தொகையை, யாரும் அறியாமல், அதே பணிக்குத் தாருங்கள். கொட்டிய நீர் அன்பாக இருந்ததா, ஆட்டமாக இருந்ததா என்பதை அந்தச் சிறு தொகையே உங்களுக்குச் சொல்லிவிடும்.

மூத்தோராகிய நமக்கும் ஒன்று உண்டு. உடல் முடங்கிப் படுத்திருப்போர் நம் ஒவ்வொரு பங்கிலும் உள்ளனர். இரவில் மும்முறை எழுந்து அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும் மனைவியோ மகளோ எத்தனை நாள் முழுமையாக உறங்கியிருப்பார்? ஒரு மாலையில் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, “நீங்கள் சற்றுத் தூங்குங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்ல இருவர் முன்வந்தால் போதும். அங்கே படமெடுக்க எவரும் இருக்கமாட்டார். மறைவில் காணும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் உண்மையாகவே நம்புகிறோமா என்பது அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கே தெரிந்துவிடும்.